சத்னாமுக்கு ஏன் சொல்லவில்லை?

உலகம் அழிவதைப் பார்க்க நமக்கு அலுப்பதே இல்லை. வால் நட்சத்திரம் மோதி, பனி மூடி, வேற்றுக்கிரகவாசி வந்து, வைரஸ் பரவி என்று ஹாலிவுட்காரர்கள் அதை எத்தனையோ தடவை அழித்துவிட்டார்கள். எப்படி அழிந்தாலும் கடைசியில் தப்பிப்பது கதாநாயகனின் குடும்பம். எதிரே சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து நாம். கையில் முறுக்கு.

அப்படி அழிந்த உலகங்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். படத்தின் பெயர் '2012'. ரோலண்ட் எமெரிக் இயக்கி, 2009 நவம்பரில் வந்தது. தியேட்டரில் பார்க்காதவர்கள்கூட டி.வி.யில் பாதியாவது பார்த்திருப்பீர்கள். விளம்பர இடைவேளையில் எழுந்து போய், திரும்பி வந்தால் இன்னொரு நகரம் மூழ்கியிருக்கும். அந்தப் படம்தான்.

கதை சுருக்கமாக இதுதான். சூரியனில் பெரிய கொந்தளிப்பு. அங்கிருந்து வரும் நியூட்ரினோ துகள்கள் திடீரென்று குணம் மாறி, மைக்ரோவேவ் அடுப்பு போல பூமியின் உள்பகுதியைச் சூடாக்குகின்றன. நிலம் பிளக்கிறது, கலிபோர்னியா கடலுக்குள் சரிகிறது, இமயமலை வரை சுனாமி வருகிறது. இதையெல்லாம் மூன்று வருஷம் முன்பே தெரிந்துகொண்ட அரசாங்கங்கள், ரகசியமாகத் திபெத் பக்கம் ராட்சதக் கப்பல்களைக் கட்டுகின்றன. அதில் ஓர் இடத்துக்கு டிக்கெட் விலை 100 கோடி யூரோ. வாங்க முடிந்தவர் ஏறலாம். முடியாதவருக்கு விஷயமே தெரியாது.

இந்தப் படம் ஏமாற்றம் என்று சொல்பவர்கள் சில காரணங்களை அடுக்குவார்கள். நியூட்ரினோவுக்கு அப்படியெல்லாம் குணம் மாறாது. ஓடுபாதை பின்னாலேயே இடிந்துகொண்டு வர, விமானம் மயிரிழையில் மேலே கிளம்பும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. கோடிக்கணக்கான பேர் செத்துக்கொண்டிருக்க, ஒரு நாய்க்குட்டி கப்பலில் ஏறுமா ஏறாதா என்று நம்மை நகம் கடிக்க வைக்கிறார்கள்.

இதெல்லாம் சின்ன ஏமாற்றங்கள். லாஜிக் பார்க்கிறவர் இந்த மாதிரிப் படத்துக்கு உட்காரவே கூடாது. பெரிய ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது நானில்லை, போடிநாயக்கனூரில் ஒரு பெரியவர்.

எனக்குப் பெரியப்பா முறை. முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் ஏலத் தோட்டக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில், டி.வி.யில் தமிழ் பேசிக்கொண்டிருந்த இந்தப் படத்தை ஏழெட்டுப் பேராக உட்கார்ந்து பார்த்தோம். பெரியப்பா இடையில் கொஞ்சம் தூங்கினார், கொஞ்சம் பார்த்தார். படம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது கேட்டார்.

"ஏப்பா, முதல்ல ஒருத்தன் சுரங்கத்துக்குள்ள உட்கார்ந்து கண்டுபிடிச்சானே, நம்ம நாட்டுக்காரன். அவன் என்னப்பா ஆனான்?"

"அவன் செத்துட்டான் பெரியப்பா. அலை வந்து அடிச்சிருச்சு. நீங்க அசந்துட்டீங்க."

"கப்பல்ல ஏத்தலையா?"

"கூட்டிட்டு வர ஏரோப்ளேன் அனுப்புறோம்னு சொல்லியிருந்தாய்ங்க. வரலை."

"கண்டுபிடிச்சவனுக்கே வரலையா? வராதுன்னாவது ஒருத்தன் சொல்லியிருக்கலாம்ல?"

யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டின் கடைக்குட்டி மட்டும், "நாய் ஏறிருச்சு தாத்தா" என்றது.

நீங்கள் மறந்திருக்கக்கூடும். படம் ஆரம்பிப்பதே இந்தியாவில்தான். ஓர் ஆழமான தாமிரச் சுரங்கத்துக்குள் ஆய்வுக்கூடம். அங்கே சத்னாம் என்ற இந்திய விஞ்ஞானி ஆபத்தை முதலில் கண்டுபிடித்து, அமெரிக்க நண்பரிடம் காட்டுகிறார். நண்பர் அதை வெள்ளை மாளிகைக்கு எடுத்துப்போகிறார். அங்கிருந்து உலகத் தலைவர்களுக்குப் போகிறது, அவர்களிடமிருந்து பணக்காரர்களுக்குப் போகிறது. கடைசியில் சத்னாம் மனைவி, பையனோடு ஒரு மேட்டில் நின்று போன் செய்கிறார். எங்களை ஏற்றிக்கொள்ள யாருமே வரவில்லை என்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே அலை வருகிறது. மனைவியையும் பையனையும் கட்டிக்கொள்கிறார். அவ்வளவுதான். அமெரிக்க நண்பர் ஒரு நிமிஷம் கலங்குகிறார். படம் அடுத்த துரத்தலுக்குப் போய்விடுகிறது.

அந்தப் படத்தில் இருந்த ஒரே உண்மையான கேள்வி அதுதான். ஆபத்து வருகிறது என்று தெரிந்தவர், அதை யாருக்குச் சொல்ல வேண்டும்? எப்போது சொல்ல வேண்டும்? ஜனங்கள் பதறுவார்கள் என்று காரணம் சொல்லி மறைக்கலாமா? இதை எடுத்தார்கள். மேசை மீது வைத்தார்கள். பிறகு அதன் மேலேயே காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கேள்வியை நாம் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம்.

மறைப்பது எல்லாமே தப்பு என்று சொல்லிவிட முடியாது. நம் வீடுகளிலேயே மறைக்கிறோம். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வருகிறது. டாக்டர் அறைக்கு வெளியே வைத்துக் கிசுகிசுப்பாகப் பேசி முடிவெடுப்போம். "அவர்கிட்ட சொல்ல வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்." அல்சர் என்று சொல்லி அழைத்துவருவோம். இதில் அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வள்ளுவரே இதற்குக் கொஞ்சம் சலுகை தருகிறார். துளி தீங்கும் கலக்காத நல்லது விளையும் என்றால் பொய்யையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. ஆனால் நிபந்தனையைக் கவனியுங்கள். துளி தீங்கும் கலக்கக் கூடாது. எவ்வளவு கடுமையான நிபந்தனை!

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் மறைத்தார்கள். ஐந்து மாதம் அருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த மனிதருக்குத் தம்பியோடு பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம். "அடுத்த பங்குனிக்குக் குலதெய்வம் கோயில்ல வச்சு அவனைப் பார்த்துப் பேசிரணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தனக்கு இன்னொரு பங்குனி இல்லை என்று அவருக்குத் தெரியாது. சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மாசி மாதம் போய்விட்டார். தம்பி வந்து, பேசாத முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருவருடைய ஆபத்தை அவரிடமே மறைக்கும்போது, அவருடைய நேரம் நம் கைக்கு வந்துவிடுகிறது. இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் அவர் என்ன செய்வார் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அழலாம், கோயிலுக்குப் போகலாம், கடனை அடைக்கலாம், தம்பிக்குப் போன் போடலாம். ஒன்றுமே செய்யாமல் வாசலில் உட்கார்ந்து வெயிலைப் பார்க்கலாம். எதுவானாலும் அது அவருடைய நேரம். மறைத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். திருப்பிக் கொடுக்க முடியாத பொருள் அது.

சத்னாமுக்கு விமானம் வராதது பெரிய கொடுமை. அது வராது என்று சொல்லாதது இன்னும் பெரிய கொடுமை. சொல்லியிருந்தால் உயிர் தப்பியிருப்பாரா? மாட்டார். ஆனால் கடைசி நாளை அந்தக் குடும்பம் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதில் கழித்திருக்காது.

ஆகவே, மறைக்கலாமா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் கேட்டுப் பார்க்க ஒரு கேள்வி உண்டு. இந்த ரகசியம் யாரைக் காப்பாற்றுகிறது? யாரிடம் மறைக்கிறோமோ அவரையா, மறைக்கிற நம்மையா? படத்தில் வரும் அரசாங்கங்களிடம் கேட்டால் பதில் உடனே கிடைத்துவிடும். ஜனங்கள் பதறக் கூடாது என்பது மேல்பூச்சு. பதறினால் கப்பல் வேலை நிற்கும், டிக்கெட் வாங்காதவனும் கரைக்கு வந்து நிற்பான் என்பது உள்விஷயம். நம் வீட்டில் கேட்டால் பதில் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. அப்பா தாங்க மாட்டார் என்பது பாதி உண்மை. அப்பாவிடம் அதைச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்க நம்மால் முடியாது என்பது மீதிப் பாதி.

இது ஒரு பக்கம். இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. உண்மையை மறைப்பது தப்பு என்றால், இல்லாத ஆபத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது? அதுவும் ஒருவருடைய நேரத்தை எடுத்துக்கொள்வதுதானே? தூக்கத்தையும் சேர்த்து?

படம் வெளிவருவதற்கு முன் அதை விளம்பரப்படுத்த என்ன செய்தார்கள் தெரியுமா? மனித இனத்தைக் காப்பாற்ற விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் ஏதோ நிறுவனம் போல ஓர் இணையதளம் தொடங்கினார்கள். உலகம் அழியப்போவது உறுதி என்ற தோரணையில் தகவல்கள். உயிர் தப்பும் குலுக்கலுக்கு நீங்களும் பெயர் கொடுக்கலாம் என்று அழைப்பு. நிஜம் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். மாயன் காலண்டர் 2012 டிசம்பரோடு முடிகிறது என்ற வதந்தி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நேரம் வேறு. நாசா விஞ்ஞானிகளுக்குப் பயந்துபோனவர்களின் கடிதங்கள் குவிந்தன. 2012-ல் உலகம் அழியாது என்று நாசாவே 2009-ல் கேள்வி பதிலாக விளக்கம் போட வேண்டியதாயிற்று. படம் உலகம் முழுக்க 75 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

உண்மையான ஆபத்தை மறைப்பது பாவம் என்று கதை சொன்ன படம், இல்லாத ஆபத்தை விற்று டிக்கெட் சேர்த்தது. பெரிய ஏமாற்றம் என்று நான் சொன்னது இதைத்தான்.

சரி, இது எங்கோ அமெரிக்காவில் எடுத்த படம். போடியில் இருக்கிற கணக்குப்பிள்ளைக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்தது. அந்தப் படத்தின் வில்லன் அவர் ஊர் மலைக்குள் குடியேறுவதாக இருந்தது!

போடிக்குத் தெற்கே, தேவாரம் போகிற பக்கம் பொட்டிப்புரம் என்றொரு கிராமம். அதையொட்டி அம்பரப்பர் மலை. அந்த மலையைக் குடைந்து, சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை போட்டு, உள்ளே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைப்பதாகத் திட்டம். 50,000 டன் இரும்பில் ஒரு மாபெரும் காந்தக் கருவி. முதலில் நீலகிரியில் சிங்காரா பக்கம் இடம் பார்த்தார்கள். யானையும் புலியும் நடமாடும் இடம் என்று 2009-ல் அனுமதி மறுக்கப்பட்டது. பிறகுதான் போடி மலை. 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் செலவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

நியூட்ரினோ உண்மையில் எப்படிப்பட்டது? அப்பிராணி. சூரியனிலிருந்து கிளம்பி, ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஒவ்வொரு வினாடியும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோ பாய்ந்துபோகிறது. உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். பார்த்து முடிப்பதற்குள் அவ்வளவும் போயாகிவிட்டது. தோல், எலும்பு, கீழே இருக்கிற தரை, அதற்கும் கீழே மொத்த பூமி, எல்லாவற்றையும் கடந்து மறுபக்கம் வெளியேறிவிடும். எதையும் தொடாது. தொடாததால்தான் பிடிப்பது கஷ்டம். மற்ற துகள்களின் இரைச்சல் இல்லாத இடத்தில், அதாவது மலைக்கு அடியில், காத்திருந்து கோடானுகோடியில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். இந்தியா இதில் கத்துக்குட்டி இல்லை. கோலார் தங்க வயலில் 2 கிலோமீட்டருக்கு மேலான ஆழத்தில் வைத்த கருவிகளில், காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயத்தை 1965-லேயே பதிவு செய்தவர்கள் நாம். உலகத்தில் முதன்முதலில் பதிவு செய்தவர்களில் நாமும் உண்டு.

ஆக, படத்தில் வருகிற மாதிரி நியூட்ரினோ பூமியை வேக வைக்காது. இதை எழுதும் எனக்கும் படிக்கும் உங்களுக்கும் தைரியமாகத் தெரியும். பொட்டிப்புரத்தில் ஆடு மேய்க்கிறவருக்கு?

அவர் காதுக்கு என்னவெல்லாம் வந்தது என்று யோசியுங்கள். கதிர்வீச்சு வரும் என்றார்கள். அணுக்கழிவை உள்ளே புதைக்கப்போகிறார்கள் என்றார்கள். வெடி வைத்தால் முல்லைப் பெரியாறு அணையும் இடுக்கி அணையும் ஆட்டம் காணும் என்றார்கள். இவற்றோடு, தள்ளிவிட முடியாத கேள்விகளும் இருந்தன. மலையைக் குடைந்து எடுக்கும் லட்சக்கணக்கான டன் பாறையை எங்கே கொட்டுவீர்கள்? தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்? மேய்ச்சலுக்குப் போகும் வழியில் வேலி போடுவீர்களா? முதல் வகைப் பயத்தைக் காட்டி இரண்டாவது வகைக் கேள்வியைத் தள்ளுவது படித்தவர்களுக்கு வசதி. "இதுக எல்லாம் சினிமா பார்த்துட்டுப் பயப்படுதுக" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். இரண்டாவது வகைக் கேள்விக்குள் முதல் வகைப் பயத்தையும் கலந்து பேசுவது எதிர்ப்பவர்களில் சிலருக்கு வசதி. கூட்டம் சீக்கிரம் சேரும்.

விஞ்ஞானிகள் ஊருக்கு வந்து பேசவே இல்லை என்று சொன்னால் அநியாயம். வந்தார்கள், விளக்கினார்கள். ஆனால் எந்தக் கட்டத்தில் வந்தார்கள் என்பதுதான் விஷயம்.

போடியில் ஏலக்காய் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? இப்போது ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம். வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். எல்லாம் மாறிவிட்டது, ஒன்று மட்டும் மாறவில்லை. விலை சொல்வதற்கு முன்னால் சாம்பிள் வர வேண்டும். காயைக் கையில் கொட்டி, நிறம் பார்த்து, எட்டு மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பருமன் பார்த்து, ஒன்றைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வியாபாரி விலைக்குப் போவார். ஐந்து கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தினால் ஒரு கிலோ தேறும். அந்த ஒரு கிலோவுக்குப் பின்னால் எத்தனை பேர் குனிந்து பறித்தார்கள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால், விலையைப் பேசி முடித்துவிட்டுச் சாம்பிளைக் காட்டினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொட்டிப்புரத்துக்காரர்களில் பலருக்கு, விலை பேசி முடிந்தபிறகுதான் தங்களுக்குச் சாம்பிள் வந்தது என்று பட்டது. இடம் குறித்தாகிவிட்டது, பணம் ஒதுக்கியாகிவிட்டது, இப்போது விளக்கம் சொல்ல வருகிறார்கள் என்று. விளக்கத்தில் ஒரு பொய்யும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் முடிவுக்கு முன்னால் சொல்வது மரியாதை. முடிவுக்குப் பின்னால் சொல்வது அறிவிப்பு. அறிவிப்பைக் கேட்கிறவனுக்குச் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கும். சந்தேகப்படுவது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வைகோ 2015-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய்த் தடை வாங்கினார். பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. தாக்க மதிப்பீடு செய்த அமைப்புக்கு அதற்கான அங்கீகாரமே இல்லை என்பது அந்த வழக்கில் எழுந்த குறைகளில் ஒன்று. 2018-ல் மத்திய அரசு மறுபடி அனுமதி தந்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகள் கடக்கும் மலைத்தொடர் இது, அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. நியூட்ரினோவை ஆராய நிலத்தடியில் சீனா கட்டிய பெரிய ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் வேலையை ஆரம்பித்துவிட்டது. அம்பரப்பர் மலை அப்படியே நிற்கிறது.

மலை தப்பித்தது என்று சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். விஞ்ஞானம் தோற்றது என்று வருத்தப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும், இரண்டு பேரும் நல்லவர்கள். நான் அந்தப் பஞ்சாயத்துக்குள் போகவில்லை. ஓர் ஊருக்குச் சரியான நேரத்தில், சரியான மொழியில், முழுசாக விஷயம் போய்ச் சேராவிட்டால், அந்தக் காலி இடத்தில் சினிமாவோ வதந்தியோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மட்டும்தான் சொல்கிறேன்.

பயம் வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு வாடகை கொடுப்பது யார்? இதற்கும் அதே மலைச்சரிவில் ஒரு பதில் இருக்கிறது.

2011 நவம்பரில் 'டேம் 999' என்றொரு படம் வந்தது. கற்பனையான அணை ஒன்று உடைவதாகக் கதை. சாதாரண நாளில் வந்திருந்தால் வந்த சுவடு தெரியாமல் போயிருக்கும். முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. தமிழக அரசு படத்துக்குத் தடை போட்டது. அணை உடைந்துவிடும் என்ற பயம் அந்தப் பக்கம், தண்ணீர் போய்விடும் என்ற பயம் இந்தப் பக்கம். டிசம்பரில் எல்லை பற்றிக்கொண்டது. இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, காட்டுப் பாதைகளில் நடந்து இறங்கினார்கள். இந்தப் பக்கம், பல வருஷமாகக் கடை வைத்துப் பிழைத்த மலையாளிகள் தாக்கப்பட்டார்கள். போடியிலிருந்து விடியற்காலையில் மெட்டு ஏறும் ஜீப்புகள் நின்றன.

அணை பாதுகாப்பாக இருக்கிறது, 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 மே மாதம். தீர்ப்பு வருவதற்கு இரண்டரை வருஷம் முன்பே அந்தக் கூலிக்காரப் பெண்கள் பயத்துக்கு வாடகை கொடுத்து முடித்துவிட்டார்கள். ஏலக்காய் பறிக்கிற பருவத்தில், நாள் கணக்கில் போன சம்பளமாக.

எந்த ஸ்டுடியோவும் அவர்களுக்குப் பங்கு கொடுக்காது. பயத்தை மேடையில் வளர்த்த தலைவர் எவரும் ஒரு நாள் கூலியைத் திருப்பித் தர மாட்டார். எல்லா உண்மையும் எங்களுக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்த அதிகாரிகளும் தர மாட்டார்கள்.

டி.வி. படத்தில் நமக்குப் பிடித்த வசதி, பயம் வந்தால் சேனலை மாற்றிவிடலாம். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருப்பவர்களிடம் ரிமோட் இல்லை.

பெரிய விஷயங்களை விடுங்கள். அணையும் ஆய்வுக்கூடமும் நம் கையில் இல்லை. ஆனால் சத்னாம்கள் நம்மைச் சுற்றியும் இருக்கிறார்கள். அடுத்த மாதம் வேலையை விட்டு எடுக்கப்போகும் ஊழியரிடம், தெரிந்தும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் மேனேஜராக நீங்கள் இருக்கலாம். அவர் அந்த நம்பிக்கையில் வண்டிக்கு லோன் போட்டுக்கொண்டிருப்பார். வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டு, வாடகைக்கு இருப்பவரிடம் பள்ளிக்கூடம் திறந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கும் வீட்டுக்காரராக இருக்கலாம். பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தும், 'நமக்கு எதுக்கு வம்பு' என்று வாய் திறக்காத மாமாவாக இருக்கலாம். யாரும் அயோக்கியர்கள் இல்லை. "அவங்க மனசு கஷ்டப்படக் கூடாது" என்றுதான் எல்லாரும் சொல்வோம். அந்த இடத்தில் பழைய கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மௌனம் யாரைக் காப்பாற்றுகிறது?

அதேபோல, செல்போனில் வந்த பயங்கரச் செய்தியை "எதுக்கும் இருக்கட்டும்" என்று பத்துப் பேருக்குத் தட்டிவிடும்போது இன்னொரு கேள்வி. இது எனக்கு உண்மை என்று தெரியுமா, அல்லது பரபரப்பாக இருக்கிறது என்பதால் அனுப்புகிறேனா? மறைப்பவனும் கிளப்பிவிடுபவனும் எதிரெதிர் ஆட்கள் போலத் தெரிவார்கள். இரண்டு பேரும் செய்வது ஒன்றுதான். கேட்கிறவனைப் பெரிய மனிதனாக மதிக்காதது. உண்மையைத் தாங்கிக்கொள்ளவும், அதை வைத்து முடிவெடுக்கவும் அவனுக்குத் தெரியும் என்று நம்பாதது.

சொல்வது சுலபமில்லை. அப்பாவிடம் சொல்லும்போது குரல் உடையும். ஊழியரிடம் சொன்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியாது. வரனைப் பற்றிச் சொன்னால் இரண்டு குடும்பமும் பகையாகும். எப்படிச் சொல்வது, எந்த அளவு சொல்வது என்பதில் கருணைக்கு இடம் உண்டு. ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, கேட்கிறவர் எவ்வளவு கேட்கத் தயாராக இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லலாம். சொல்வதா வேண்டாமா என்பதைத் தள்ளிப்போட மட்டும் இடமில்லை. நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவர் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

இந்த வாரம் டி.வி.யில் உலகம் மறுபடி அழியலாம். தாராளமாகப் பாருங்கள், முறுக்கோடு. படம் முடிந்ததும் செய்ய ஒரு வேலை தருகிறேன். உங்களுக்குத் தெரிந்து, அவருக்குத் தெரியாமல் இருக்கிற விஷயம் ஏதாவது இருந்தால், அந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறதா?

இருக்கிறது என்றால், அவரிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள்?